பிறர் வழிபாடும் நம் புன்னகையும்

பெங்களூரின் மல்லேஸ்வரம் பகுதிக்கு அப்பெயரைத் தந்தவர் காடு மல்லேஸ்வரர். 1898-ஆம் ஆண்டு பிளேக் நோய் நகரை வாட்டியபோது, நெருக்கடி மிகுந்த பழைய பேட்டையிலிருந்து மக்கள் வந்து குடியேறுவதற்காக, அகன்ற தெருக்களுடன் இப்பகுதி அமைக்கப்பட்டது. கோயிலோ அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் மூத்தது. சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரரும், பின்னர் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியை நிறுவியவருமான ஏகோஜி, இக்கோயிலுக்கு மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தைக் கொடையாக அளித்ததை 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது.

கோயில் வளாகத்தில் மரநிழலில் நாகக் கற்கள் பல உள்ளன. நாகபஞ்சமி நாளில் பெண்கள் அவற்றுக்கு மஞ்சள் பூசி, மலர் சாத்தி, பால் வார்த்து வணங்குவர். வழியோடு போகிற ஒருவர், 'கல் பால் குடிக்குமா?' என்று மனத்துக்குள் புன்னகை செய்யலாம். அந்தப் புன்னகையில் தவறில்லை. ஆனால் அது எங்கிருந்து பிறக்கிறது, எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதை ஆன்மிக சாதகன் சற்று நின்று ஆராய வேண்டும். ஏனெனில், மதவாழ்வில் காணும் வேடிக்கைகளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு ஒருவனைப் பணிவுக்கும் அழைத்துச் செல்லும். ஆணவத்துக்கும் அழைத்துச் செல்லும். இரண்டு பாதைகளும் ஒரே வாசலில்தான் தொடங்குகின்றன.

ஏழாயிரம் ஆண்டு வயது

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே தட்சிணமுக நந்தி தீர்த்தம் உள்ளது. நெடுங்காலம் மண்ணில் புதைந்து கிடந்த இக்கோயில் 1997-இல் தோண்டி எடுக்கப்பட்டது. தெற்கு நோக்கி அமர்ந்த நந்தியின் வாயிலிருந்து நீர் ஒழுகி, கீழே உள்ள சிவலிங்கத்தின்மீது விழுகிறது. அங்கிருந்து திருக்குளத்தை அடைகிறது. காண்பவர் மனம் அடங்கும் காட்சி அது.

இக்கோயிலுக்கு ஏழாயிரம் ஆண்டு வயது என்று சொல்லும் செய்திகள் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் என்பதே பகுதி மக்களிடையே வழங்கும் கணக்கு. எதிரிலுள்ள கோயிலின் கல்வெட்டுக் காலத்தோடும் அது பொருந்துகிறது. இறைவனின் சந்நிதிக்கு ஆறாயிரத்து அறுநூறு ஆண்டுகளைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தால்தான் அவர் அருள் புரிவார் என்று யாரும் சொல்லவில்லை. ஆயினும் அன்பின் மிகுதியால் கணக்கு வளர்ந்துவிடுகிறது. தாய் தன் மகனின் மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டில் சொல்லும்போது ஐந்து மதிப்பெண் கூடிவிடுவதில்லையா? அதுபோன்றது இது.

இதை எண்ணிச் சிரிக்கலாம். சரியான கணக்கையும் சொல்லலாம். உண்மையைச் சொல்வது பக்திக்கு விரோதம் அன்று. ஆனால் அவ்வாறு சொன்னவுடன், 'இவர்களெல்லாம் ஏமாளிகள், எனக்கு மட்டுமே அறிவு உண்டு' என்ற எண்ணம் மெல்ல வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்கிறது. அந்த விருந்தாளியைப் பற்றித்தான் சாதகன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக ஒரு செய்தி நாடெங்கும் பரவியது. கோயில்களின்முன் நீண்ட வரிசைகள் நின்றன. திரவத்தின் பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து பால் சிலையை நோக்கி இழுக்கப்பட்டு, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக வழிந்து இறங்குகிறது என்பதை, பாலில் நிறம் கலந்து அறிவியலாளர்கள் காட்டினர். விளக்கம் தெளிவானது. ஆனால் அன்று இரு தரப்பிலும் ஒரே வகையான மகிழ்ச்சி இருந்ததைக் கவனிக்க வேண்டும். 'பார்த்தீர்களா, குடித்துவிட்டார்' என்பதில் ஒரு சாராருக்கு வெற்றி. 'பார்த்தீர்களா, குடிக்கவில்லை' என்பதில் மறு சாராருக்கு வெற்றி. தாம் சொன்னதே சரி என்று நிலைநாட்டும் ஆசைக்கு ஆத்திகம், நாத்திகம் என்ற வேறுபாடு இல்லை.

பசவண்ணர் சிரித்த சிரிப்பு

நாகக் கல்லுக்குப் பால் வார்ப்பதைப் பார்த்து முதலில் சிரித்தவர் இக்காலத்துப் பகுத்தறிவாளர் அல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த சிவபக்தர் பசவண்ணரே அதைச் செய்துவிட்டார். கல்லில் செதுக்கிய பாம்புக்குப் பால் வார்க்கிறவர்கள், உயிருள்ள பாம்பு எதிரே வந்தால் அடித்துக் கொல்லச் சொல்கிறார்களே என்று அவர் தம் வசனம் ஒன்றில் வியந்தார். உண்ணாத லிங்கத்துக்கு உணவு படைப்பவர்கள், பசியோடு வாசலில் வந்து நிற்கும் அடியாரை விரட்டுகிறார்களே என்றும் வருந்தினார். கன்னட நாட்டில் பலரும் அறிந்த கருத்து இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பசவண்ணரின் சிரிப்பு வழிபடுவோரின் அன்பைக் குறி வைக்கவில்லை. கல்லிடம் காட்டும் அன்பு உயிரிடம் வராமல் பாதியில் நின்றுவிட்டதே என்பதுதான் அவருடைய கவலை. அன்பைக் குறைத்துக்கொள்ளும்படி அவர் சொல்லவில்லை, நீட்டிக்கும்படி சொன்னார்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. இவ்வளவு கூர்மையாகப் பிறரை இடித்துரைத்த அதே பசவண்ணர், அடியார் கூட்டத்தில் தம்மைவிடச் சிறியவர் எவரும் இல்லை என்று அறிவித்தவர். கிளைக்குக் கிளை தாவும் குரங்கு என்று தம் மனத்தையே பழித்தவர். கலியாண நகரில் பிஜ்ஜள மன்னனிடம் உயர்ந்த பதவியில் இருந்தவருக்கு அவ்வாறு சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பிறரைப் பார்த்து ஒருமுறை சிரித்தால் தம்மைப் பார்த்துப் பன்முறை சிரிப்பது அவருடைய முறை. எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அவருடைய கேலி கசக்காமல் இருப்பதன் காரணம் இதுவே.

புரந்தரதாசரும் இவ்வழியில் வந்தவரே. வயிற்றுக்காகப் பூணும் வைராக்கிய வேடத்தை அவர் ஒரு பாடலில் நையாண்டி செய்தார். தாசர் ஆவதற்கு முன் அவர் பெரும் பணக்கார வணிகர். கஞ்சத்தனத்துக்குப் பெயர் பெற்றவர் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. பொருளாசையின் தந்திரங்கள் அவருக்கு ஏட்டுப்பாடம் அல்ல, சொந்த அனுபவம். தானும் நடந்து வந்த சேற்றைக் காட்டிச் சிரிக்கிறவரின் சிரிப்பில் கர்வம் புகுவதற்கு இடமில்லை.

'நாம்' என்ற சொல்

1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுவாமி விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி, தமிழகத்தின் வழியே பயணம் செய்தார். மானாமதுரையில் அளிக்கப்பட்ட வரவேற்புக்குப் பதிலுரைத்தபோது, நம் சமயம் அடுக்களைக்குள் புகுந்துவிட்டது, சமையல் பானையே கடவுளாகிவிட்டது என்று கடிந்தார். தண்ணீரை வலக் கையால் பருகுவதா, இடக் கையால் பருகுவதா என்பது போன்ற விவாதங்களில் நூற்றாண்டுகள் கழிந்ததை எடுத்துக்காட்டினார்.

கேட்டவர்கள் சிரித்திருக்கலாம், சிலருக்குச் சுட்டிருக்கலாம். ஆனால் எவரும் அவரை அந்நியராக எண்ணவில்லை. காரணம், தீண்டாமை மதத்தினராக மாறிவிட்டவர்கள் 'நீங்கள்' என்று அவர் சொல்லவில்லை. 'நாம்' என்று சொன்னார். உலக சமய மாநாட்டில் பெயர் பெற்றுத் திரும்பிய ஒருவர், தாம் செய்யாத குற்றத்துக்கும் தம்மைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

ஒரு நகைச்சுவை பணிவோடு கூடியதா, இல்லையா என்பதை அறிய இலக்கணத்தில் ஒரு சோதனை உண்டு. அதில் வரும் சொல் 'அவர்கள்' என்பதா, 'நாம்' என்பதா என்று பார்த்தால் போதும்.

கண்ணப்பரும் சிவகோசரியாரும்

பிறருடைய வழிபாட்டை வேடிக்கையாகக் கருதுவதில் இருக்கும் ஆபத்தைப் பெரியபுராணம் காட்டும் கண்ணப்ப நாயனார் வரலாறு தெளிவாக உணர்த்துகிறது. காளத்தி மலையில் திண்ணனார் என்ற வேடர் இறைவனுக்குச் செய்த பூசையைப் பட்டியலிட்டால் ஒவ்வொன்றும் விபரீதம். செருப்பணிந்த காலால் நிர்மாலியத்தை விலக்குகிறார். வாயில் கொணர்ந்த நீரை உமிழ்ந்து திருமஞ்சனம் ஆட்டுகிறார். கடித்துச் சுவை பார்த்த இறைச்சியை நிவேதனம் செய்கிறார்.

ஆகமம் அறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு துடித்ததில் வியப்பில்லை. அவர் பொய்யானவர் அல்லர், நேர்மையான பக்தர். எனினும் அவருடைய கண்ணுக்கு விபரீதம் தெரிந்தது, அன்பு தெரியவில்லை. இறைவன் அவரை மறைவில் நிற்கச் செய்து, இலிங்கத்தின் கண்ணில் குருதி பெருகச் செய்து, வேடர் தம் கண்ணையே தோண்டி அப்பும் காட்சியைக் காட்ட வேண்டியதாயிற்று.

கன்னட மக்களுக்கும் இந்த வரலாறு நெஞ்சுக்கு நெருக்கமானது. நடிகர் ராஜ்குமார் கதாநாயகனாக அறிமுகமான 1954-ஆம் ஆண்டுத் திரைப்படம் 'பேடர கண்ணப்பா'வே. மல்லேஸ்வரத்துச் சிவனடியாரும் மயிலாப்பூர்ச் சிவனடியாரும் இவ்வரலாற்றில் ஒரே பாடத்தைப் படிக்கின்றனர். மற்றவரின் பூசையில் நம் கண்ணுக்கு எட்டுவது கையசைவு மட்டுமே. அதன் உள்ளே இருப்பதைப் பூசையை ஏற்பவர் அறிவார்.

மல்லேஸ்வரத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நடக்கக்கூடிய உரையாடலைக் கற்பனை செய்து பார்க்கலாம். நாகக் கல்லுக்குப் பால் வார்த்துவிட்டுத் திரும்பும் பாட்டியிடம், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் பேரன் கேட்கிறான்.

"பாட்டி, கல்லுக்கு எதற்குப் பால்? அது குடிக்கவா போகிறது?"

"கல் குடிக்காது என்று எனக்கும் தெரியுமடா. பாம்பென்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே நடுக்கம். வருஷத்தில் ஒரு நாளாவது பயமும் கோபமும் இல்லாமல் அதன் முன்னால் நிற்கலாமே என்றுதான் போகிறேன். அது இருக்கட்டும். போன மாதம் புது வண்டி வாங்கினாயே, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயே, வண்டி அதைத் தின்றதா?"

பேரன் சிரிக்கிறான், பாட்டியும் சிரிக்கிறார். இருவரும் சேர்ந்து சிரித்ததால் அங்கே எவரும் தோற்கவில்லை. பாட்டிக்குத் தன் வழிபாட்டின் பொருள் தெளிவாயிற்று. பேரனுக்குத் தன்னுடைய எலுமிச்சம்பழம் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குப் பல வாசல்கள்

ஸ்ரீராமகிருஷ்ணர் நகைச்சுவையில் வல்லவர். ஜபமாலையை உருட்டிக்கொண்டே உலக விஷயம் பேசுவோரையும், கங்கையில் நீராட வந்து ஊர்க்கதை பேசி நிற்போரையும் அவர் நடித்துக் காட்டும்போது, சூழ்ந்திருந்த இளைஞர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம். அவ்வாறு நடித்துக் காட்டியவரே, தம் உயர்குல அபிமானத்தை வேரறுப்பதற்காகத் துப்புரவுத் தொழிலாளியின் வீட்டுக் கழிப்பிடத்தை இரவில் சென்று தூய்மை செய்தவர். அந்தக் கை செய்த வேலையை அறிந்தவர்களுக்கு, அந்த வாய் செய்த கேலி எவ்வளவு தூயது என்பது விளங்கும்.

தவறான பழக்கங்கள் புகுந்துவிட்ட சில பிரிவினரை இளைஞரான நரேந்திரர் ஒருமுறை கடுமையாகக் கண்டித்தபோது, குருதேவர் அவரைத் தடுத்தார். வீட்டுக்குத் தலைவாசல் உண்டு; புழைக்கடை வாசலும் உண்டு; துப்புரவு செய்பவர் வருவதற்கென்று ஒரு வழியும் உண்டு. அவ்வழியாக வருபவரும் வீட்டுக்குள் வந்துசேரக் கூடும் என்ற பொருளில் அவர் விளக்கினார். அந்த வழியில் செல்லும்படி நரேந்திரரிடம் அவர் சொல்லவில்லை. அவ்வழியில் வருபவரை வெறுக்காதே என்று மட்டுமே சொன்னார். விவேகத்தைக் கைவிடாமலே வெறுப்பைக் கைவிடலாம் என்பதே இதன் சாரம்.

சிரிப்பு போதாத இடம்

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வி எழும். எல்லாவற்றையும் புன்னகையோடு விட்டுவிடலாமா?

கூடாது. பிறருடைய மானத்தையோ உயிரையோ பறிக்கும் வழக்கம் வேடிக்கையின் எல்லைக்குள் வராது. கர்நாடகத்தின் புகழ்பெற்ற நாகத்தலமான குக்கே சுப்ரமண்யாவில், பிராமணர்கள் உண்டு எழுந்த எச்சில் இலைகளின்மீது மற்றவர்கள் உருளும் 'மடே ஸ்நானம்' என்ற வழக்கம் நிலவிவந்தது. தோல் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் பலர் அதைச் செய்தனர். சமய உணர்வு கொண்டவர்களும் மடாதிபதிகளும்கூட அதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். 2017-இல் கர்நாடகச் சட்டமன்றம் நிறைவேற்றி, 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மூடநம்பிக்கை ஒழிப்புச் சட்டம் அதைத் தடை செய்துள்ளது.

இத்தகைய இடங்களில் தேவைப்படுவது உறுதியான மறுப்பு. அங்கும் பணிவு வேண்டும். இலையின்மீது உருண்டவர் நகைப்புக்குரியவர் அல்லர். நோயால் வாடி, வழி தெரியாமல் வந்தவர். வழக்கத்தை எதிர்ப்பவர் அவருடைய வேதனையையும் காண வேண்டும். அதைக் காணாத சீர்திருத்தம், அவரை இன்னொரு முறை அவமானப்படுத்துவதில் போய் முடியும்.

ஆகவே சாதகன் முதலில் பிரித்தறிய வேண்டும். நாகக் கல்லில் வார்த்த பால் எவரையும் தாழ்த்தவில்லை. அங்கே புன்னகை போதும். எச்சில் இலை மனிதனைத் தாழ்த்துகிறது; அங்கே புன்னகை கோழைத்தனம் ஆகும்.

நம் வீட்டு வேடிக்கைகள்

பிறர் கோயிலில் வேடிக்கை தேடும் முன், நம் பூசையறையிலேயே அது நிறையக் கிடைக்கும். சத்சங்கத்தில் தான் வழக்கமாக அமரும் இடத்தில் வேறொருவர் அமர்ந்துவிட்டார் என்று ஓர் அன்பர் முகம் வாடுகிறார். அன்றைய பாடம் 'நான் இந்த உடல் அல்ல' என்பது. தியானத்தின் நடுவே, தன் தியானம் எவ்வளவு நன்றாக அமைந்திருக்கிறது என்பதை யாரிடம் முதலில் சொல்லலாம் என்று மனம் யோசிக்கிறது. மௌன விரதம் பூண்டவர், சைகையாலேயே வீட்டிலுள்ள நால்வரையும் ஆட்டிவைக்கிறார். பணிவைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றியவர், நன்றியுரையில் தம் பெயர் விடுபட்டதைக் குறித்து மூன்று நாள் வருந்துகிறார்.

இவற்றைக் கண்டு தன்னைத்தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை. நொந்துகொள்வதும் அகங்காரத்தின் மறுவேடமே. குழந்தை தந்தையின் பெரிய செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கும்போது வீட்டார் சிரிக்கிறார்கள். ஆனால் குழந்தையை வெறுப்பதில்லை. எல்லையற்ற பொருளை நோக்கி நடக்கும் மனிதனின் ஒவ்வோர் அடியும் அத்தகையதே. அதைக் கண்டு இறைவனும் சிரிக்கிறான் என்று எண்ணினால், அந்தச் சிரிப்பில் நாமும் பங்குகொள்ளலாம்.

மதத்தின் வேடிக்கைகளைப் பற்றிப் பேச நேரும்போது சாதகன் தன்னிடம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. யாரைக் குறித்துச் சிரிக்கிறேனோ, அவர் எதிரில் அமர்ந்திருந்தால் இதைச் சொல்வேனா? இந்த வேடிக்கையில் எனக்கும் பங்கு உண்டா? சிரித்து முடித்தபின் அவர்மீது என் அன்பு கூடியதா, குறைந்ததா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் முடிவானது.

மல்லேஸ்வரத்தில் நந்தியின் வாயிலிருந்து நீர் இன்றும் விழுந்துகொண்டிருக்கிறது. ஏழாயிரம் ஆண்டு என்று நம்பி வருபவர்மீதும் அதன் துளி தெறிக்கிறது. நானூறு ஆண்டு என்று திருத்திச் சொல்பவர்மீதும் தெறிக்கிறது. இருவருக்கும் அதே குளிர்ச்சி.

சிந்தனைக்கு

1. பசவண்ணரின் கேலி எண்ணூறு ஆண்டுகள் கடந்தும் கசக்காமல் இருப்பது ஏன்?

2. புன்னகை போதுமான வழக்கங்களையும், உறுதியான மறுப்பு தேவைப்படும் வழக்கங்களையும் எவ்வாறு பிரித்தறிவது? உங்கள் ஊரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கூறுக.

3. இந்த வாரம் உங்கள் சாதனையில் நீங்கள் கண்ட வேடிக்கை ஒன்றைக் குடும்பத்தாருடன் பகிர்ந்துகொண்டு, அவர்களோடு சேர்ந்து சிரிக்க முடியுமா?